புகையில் நின்ற வருஷங்கள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வந்தவர்களை சி.டி. இயந்திரத்தின் பலகையில் படுக்கவைப்பது, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்துவது, படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. படத்தைப் படித்து முடிவு சொல்கிறவர்கள் டாக்டர்கள். கெட்டிக்கார டாக்டர்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் தான் படித்துவந்த பாடம் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்ததும், ஊரைக் குறை சொல்லாமல் பாடத்தைத் திருத்திக்கொண்ட ஒருவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

அவர் ஒரு பெண்; நெஞ்சு நோய் டாக்டர். என்னைவிட வயதில் சின்னவர். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்; அப்பா அங்கிருந்த பாய்லர் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே நிர்வாகத்திடம் ஒரு யோசனை சொன்னார். நுரையீரல் புற்றுநோய் இருமலாகவும் சளியில் ரத்தமாகவும் வெளியே தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் முற்றிப்போயிருக்கும். தொந்தரவு எதுவும் இல்லாதபோதே, நெடுங்காலம் புகை பிடித்தவர்களை அழைத்து, குறைந்த கதிர்வீச்சில் ஒரு சி.டி. எடுத்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். வெளிநாடுகளில் இதைச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரம் சும்மாதான் இருக்கிறது, இலவசமாக எடுத்துக் கொடுப்போம் என்றார். நிர்வாகம் சம்மதித்தது.

முதல் முகாம் அரியமங்கலத்தில், பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அங்கே பேசி ஆட்களைத் தேர்ந்தெடுத்து வேனில் மருத்துவமனைக்குக் கூட்டிவந்து ஸ்கேன் எடுப்பது என்று ஏற்பாடு. டாக்டர் வெளிநாட்டு முறைப்படி கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் சிகரெட் பிடிப்பீங்க?"

எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். "பாக்கெட்டெல்லாம் நமக்கு எதுக்குங்க? பீடிதான். ஒரு கட்டு வாங்குனா ரெண்டு நாளைக்கு வரும். வேலை ஜாஸ்தியா இருந்தா ஒரு நாளைக்கே பத்தாது."

அடுத்து வந்தவர், "அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் மண்டபத்திலிருந்த திரைச்சீலை ஒன்றை இழுத்துக் கட்டி, ஒவ்வொருவரையும் தனியாக வைத்துக் கேட்க ஆரம்பித்தார். சிகரெட் பாக்கெட் கணக்கு போய் பீடிக்கட்டு கணக்கு வந்தது.

ஸ்கேன் அறையில் வேறு தொல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இயந்திரமே ஆங்கிலத்தில் பேசும். பட்டறைக்காரர்கள் யார் பேசுகிறார்கள் என்று தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், படம் கலங்கிவிடும். நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில் தமிழில் சொல்வதற்குள் இயந்திரம் முந்திவிடும்.

"அக்கா, இந்தக் குரலை மாத்த முடியாதா?" என்று டாக்டர் கேட்டார்.

"நம்ம குரலப் பதிஞ்சுக்கலாம் மேடம். இங்க யாரும் பதியல, அவ்வளவுதான்."

"அப்ப உங்க குரல்லயே பதிஞ்சுடுங்க. நேர்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே."

"மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கங்க. இப்ப விடுங்க" என்று பதிந்தேன். அவர் தானே பலகையில் படுத்துக் கேட்டுப் பார்த்தார். பீடி குடித்த நெஞ்சு மெதுவாகத்தான் விரியும், முதல் வார்த்தைக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி போதாது என்றார். மறுபடி பதிந்தேன். கதிர்வீச்சின் அளவையும் அவர் விடவில்லை. இயந்திரத்தில் ஏற்கெனவே இருந்த அளவு பருத்த உடம்புகளை மனதில் வைத்து அமைத்தது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். படம் படிக்கும் ரேடியாலஜி டாக்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, படத்தின் தெளிவு கெடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். பல வருடமாக நான் தொட்டுக்கொண்டிருந்த இயந்திரம் அந்த வாரத்தில்தான் எங்கள் ஊர் இயந்திரம் ஆனது.

பிறகு வந்ததுதான் பெரிய சோதனை. எடுத்த படங்களில் நிறையவற்றில் புள்ளிகள் தெரிந்தன. லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு புள்ளி. புத்தகம் சொல்கிறபடி ஊசி விட்டுத் திசு எடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கியதால், நெஞ்சில் குழாய் வைத்து சில நாள் வார்டில் இருந்தார். அதற்குள் அவர் வெளியூரிலிருந்த மகள்களை வரவழைத்துவிட்டார், பட்டறைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார், சாப்பாட்டை நிறுத்திவிட்டார். முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. இளவயதில் வந்துபோன டி.பி. விட்ட வடு.

அவர் வீடு திரும்பிய பிறகு டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போனார். டாக்டர் ஒருவர் நோயாளியைத் தேடிப் போய் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"தப்பு உங்க நுரையீரல்ல இல்லைங்க. எங்க கேள்வியிலதான். டி.பி. வந்திருக்கான்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும். கேட்காம உங்களப் படுத்திட்டேன், மன்னிச்சுக்கங்க."

அவர் எண்ணெய்க் கையைப் பஞ்சில் துடைத்தார். "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் டாக்டரம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி வந்தது. வீட்டுல இதுவரைக்கும் தெரியாது" என்றார். பிறகு எங்களுக்கு டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சில வாரம் முகாமை நிறுத்திவைத்தார் டாக்டர். சாயங்காலங்களில் ரேடியாலஜி டாக்டருடன் உட்கார்ந்து, எங்களிடமிருந்த பழைய டி.பி. நோயாளிகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்த வடு எப்படி இருக்கிறது, எது வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு முறையை வகுத்தார். சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்ட புள்ளியை விட்டுவிடலாம். சந்தேகமாக இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை, அதன் பிறகு மூன்று மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன். வளர்ந்தால்தான் ஊசி. டி.பி. என்ற பெயரைச் சொல்லாமல், "எப்பவாவது மாசக்கணக்குல தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்கச் சொன்னார். அதற்கு ஜனங்கள் தயங்காமல் பதில் சொன்னார்கள். "கட்டி" என்ற வார்த்தையை எங்கள் வாயிலிருந்தே எடுத்துவிட்டார். "கையில சூடு பட்டா தழும்பு நிக்குமில்ல, அது மாதிரி உள்ள ஒரு தழும்பு" என்று அவர் சொல்லும்போது எதிரே இருப்பவரின் தோள் இறங்குவதை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஒரு கூட்டத்தில் மூத்த டாக்டர் ஒருவர், "புத்தகத்துல இருக்கறத விட்டுட்டு நீங்களா ஒண்ணு பண்றீங்களே" என்று கேட்டார்.

"அதை எழுதுனவங்க ஊர்ல டி.பி. கம்மி சார். இங்க உட்கார்ந்து எழுதியிருந்தா அவங்களும் இப்படித்தான் எழுதியிருப்பாங்க. ஒவ்வொருத்தரையும் விடாம பின்தொடர்றேன். தப்புன்னு தெரிஞ்சா நானே வந்து சொல்றேன்" என்றார். குரல் உயரவில்லை. மூத்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அடுத்ததாக அவர் மனதைப் பிடித்துக்கொண்டது பெண்கள். அவருடைய புறநோயாளிகளில் வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்கள் முற்றிய நோயோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் விறகடுப்பில் சமைத்தவர்கள். வெளிநாட்டு விதிப்படி இவர்களை ஸ்கேனுக்குக் கூப்பிட இடமே இல்லை. கூப்பிடுவது சரியா என்று அவருக்கும் உறுதி இல்லை. தேவையில்லாத கதிர்வீச்சு, தேவையில்லாத பயம், இரண்டையும் யோசித்தார். பல நாள் யோசித்து, அடைத்த சமையலறையில் விறகுப் புகையில் மிக நீண்ட காலம் நின்றவர்களை மட்டும், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, அவர்களாகச் சம்மதித்தால் எடுக்கலாம் என்று முடிவு செய்தார். கேள்வியும் மாறியது. "புகை பிடிப்பீங்களா?" என்பதற்குப் பதில், "புகையில எத்தனை வருஷம் நின்னீங்க?"

அந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் தெரு மாமி. நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். இரண்டு வீடு தள்ளி ஒரு மாமி, கணவர் போய்ப் பல வருடமாகிறது, தனியாக இருக்கிறார். சிராத்தம், சீமந்தம் என்று வீடுகளுக்குப் போய்த் தளிகை பண்ணிக் கொடுத்துப் பிழைக்கிறவர். கொல்லைப்புறத்தில் நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில், செங்கல் வைத்துக் கட்டிய கோட்டை அடுப்பை மூட்டி, நாற்பது ஐம்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்துவிடுவார். ஒரு சாயங்காலம் அவரிடம் ஸ்கேன் பற்றிச் சொன்னேன்.

"அது பீடி குடிக்கறவாளுக்குன்னா? என்னை எதுக்கு கூப்பிடறே?"

"விறகுப் புகையும் கெடுதல்தான் மாமி."

"பெருமாளுக்கு அமுது பண்ற புகை அது. என்னை ஒண்ணும் பண்ணாது, போ."

நான் விட்டுவிட்டேன். பேச்சோடு பேச்சாக டாக்டரிடம் சொன்னபோது, "அவங்க சமைக்கறத நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கம் வந்துவிட்டார். மாமி எங்கள் பின் தெருவில் ஒரு வீட்டுக் கொல்லையில் சமைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கொட்டகைக்குள் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாத்தமுது என்கிற ரசத்துக்கு எப்போது பொடி போடுவீர்கள், திருக்கண்ணமுது என்கிற பாயசத்துக்குப் பால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமிக்கு வெளியாட்கள் அடுப்புப் பக்கம் வருவது பிடிக்காது. ஆனால் கேட்கிறவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை என்று புரிந்ததும் பேச்சு வளர்ந்தது. சமையல் முடிந்து இருவரும் வெளியே வந்தபோது டாக்டரின் கண்கள் சிவந்து வழிந்துகொண்டிருந்தன.

"கொஞ்ச நேரம் நின்னதுக்கே எனக்கு இப்படி ஆயிடுச்சு மாமி. நீங்க எத்தனை வருஷமா நிக்கறீங்க?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நின்னுண்டுதான் இருக்கேன்" என்றார் மாமி. பிறகு டாக்டரை நேராகப் பார்த்துக் கேட்டார். "அந்த ஸ்கேன் எடுத்துண்டா நல்லதா, எடுத்துக்காம இருந்தா நல்லதா? சுத்தி வளைக்காம சொல்லிடும்மா."

"உறுதியாத் தெரியல மாமி. பீடி குடிக்கறவங்களுக்கு நல்லதுன்னு தெரியும். உங்கள மாதிரி இருக்கறவங்கள யாரும் போதுமான அளவு பார்த்ததில்ல. எடுத்துக்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. ஆனா ஒண்ணுமில்லாத ஒண்ணைப் பார்த்துட்டு வீணா பயப்படவும் வேண்டியிருக்கலாம்."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியலைன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன். வரேன், எடு."

ஞாயிற்றுக்கிழமை மாமி வந்தார். கழுத்திலிருந்த துளசிமணி மாலையைக் கழற்றமாட்டேன் என்றார். நெஞ்சின் மேல் கிடந்தால் படத்தில் விழும். கடைசியில் அதை மணிக்கட்டில் சுற்றிக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். படம் திரையில் வந்ததும் குனிந்து பார்த்தேன். படிக்க வேண்டியது நான் இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் பார்த்த கண். இடது நுரையீரலின் கீழ்ப் பகுதியில் ஓரிடம் மங்கலாக இருந்தது, அதன் நடுவே கடுகளவுக்குக் கெட்டியாக ஒன்று. மாமியை எழுப்பி உட்காரவைத்தேன். "உள்ள படுத்துண்டா உன் குரல் ரொம்ப அதிகாரமா இருக்கு" என்றார்.

டாக்டர் காகிதத்தில் நுரையீரலை வரைந்து, அந்த இடத்தைப் பென்சிலால் லேசாகத் தேய்த்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். சளி, காய்ச்சலாக வந்துபோகிற கிருமியாலும் இப்படித் தெரியலாம், அப்படியானால் தானே மறைந்துவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

"எப்பவும் போல இருங்க மாமி. புகையில மட்டும் நிக்க வேண்டாம்."

அந்த மூன்று மாதம் மாமி இருந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். விறகடுப்பு வேலைக்கு வர முடியாது, கேஸ் அடுப்பு வைத்தால் வருகிறேன் என்று வீடு வீடாகச் சொன்னார். சில வீடுகள் வைத்தன, சில வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், வாசலில் நின்றவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ பாத்தியே, அது எப்படி இருந்தது?"

"கண்ணாடி மேல மூச்சு விட்டா ஒரு மங்கல் வருமே மாமி, அந்த மாதிரி."

"அப்போ துடைச்சா போயிடும்னு சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டாவது ஸ்கேனில் மங்கல் மறைந்திருக்கவில்லை. அதன் நடுவே முன்பு கடுகு போலத் தெரிந்த கெட்டியான பகுதி கொஞ்சம் பெரிதாகியிருந்தது. டாக்டர் தாமதிக்கவில்லை. அறுவை சிகிச்சை நிபுணரிடம் தானே கூட்டிப்போய், நுரையீரலின் அந்தக் கீழ்ப் பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்று பேசி முடித்தார். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாமி என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பெருமாளுக்கு விளக்கேற்றிவிடச் சொன்னார். "நான் வந்து வாங்கிக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

எடுத்த பகுதியைச் சோதித்த முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை. பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகள் எதிலும் பரவியிருக்கவில்லை. மருந்து ஏற்ற வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். டாக்டர் அந்தக் காகிதத்தோடு என் அறைக்கு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒருத்தர்தான் அக்கா. ஒருத்தர வச்சு எதையும் நிரூபிக்க முடியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா மாமி வீட்டுக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வார்டில் மாமியிடம் மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். தையல் போட்ட விலாவோடு முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. வலியில் கண்ணில் நீர் வந்தது, ஆனால் கருவியைக் கீழே வைக்கவில்லை. ஒரே மூச்சில் ஒரு பாசுரத்தைச் சொல்லி முடிக்கிற பழக்கம் தனக்கு உண்டு, அந்த மூச்சு எங்கும் போயிருக்காது என்று நர்ஸிடம் சொன்னார். ஒரு வாரத்தில் மூன்று பந்தும் மேலே நின்றன. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் படிக்கட்டில் இறங்கியே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டர் கூடவே இறங்கினார்.

இப்போது மாமி கேஸ் அடுப்பில் சமைக்கிறார். சாத்தமுதில் பழைய வாசனை இல்லை என்று மனக்குறை உண்டு. கல்யாணக் கூடங்களில் தனக்குத் தெரிந்த சமையல்காரர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துவருகிறார். எங்கள் திட்டமும் ஊரைத் தாண்டிப் போயிருக்கிறது. போன மாதம் திருவெள்ளறையில் பேசினோம். பல வருடமாக விறகில் நெல் அவித்துக் கொடுத்த ஒரு பெண்மணி, டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வேண்டாங்க" என்றார்.

"சரிங்க. ஏன்னு கேட்கலாமா?"

"தெரிஞ்சுக்கிட்டு இருக்கறதுக்கு எனக்கு மனசு திடம் பத்தாதுங்க."

டாக்டர் வற்புறுத்தவில்லை. அவர் வீட்டுக்குப் போய் அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தார். எந்தச் சுவரில் ஜன்னல் வைத்தால் புகை வெளியேறும் என்று காட்டினார். இருமல் நிற்காமல் இருந்தால் மட்டும் வந்து பார்க்கச் சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தார். கிளம்பும்போது அந்தப் பெண்மணி ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்தார்.

திரும்பும் வழியில் வேனில் கடலையை உரித்துத் தின்றுகொண்டு வந்தோம். மண்ணச்சநல்லூர் தாண்டும்போது அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. டாக்டர் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார்.

"அக்கா, இங்க வேலை பாக்கறவங்கள நாம இன்னும் கேட்கவே இல்லையே."

டிரைவரிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.